ஐம்பது வாட்ஸும் முப்பது வாட்ஸும்

போன மாதம் என் பேரன் ஒரு கேள்வி கேட்டான். அதற்கான பதிலை 1976-லேயே 250 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். அந்தக் காலத்தில் 250 ரூபாய் என்றால் என்ன என்பது அரசாங்க ஊழியம் பார்த்த உங்களில் பலருக்குத் தெரியும். எனவே இந்த முறை அந்தக் கதை.

பேரன் எங்களோடு விழுப்புரத்தில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். கல்லூரியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். இவன் எலக்ட்ரிக் கிடார். சென்னையில் யாரிடமோ பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி வந்தான். ஸ்பீக்கர் இல்லாத வெறும் தலைப்பெட்டி. 50 வாட்ஸ். ஸ்பீக்கர் பெட்டியைப் புதுச்சேரியில் வேறொருவரிடம் வாங்கினான். உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. பின்பக்கம் 30 வாட்ஸ், 16 ஓம் என்று எழுதியிருந்தது.

"தாத்தா, ஆம்ப் ஐம்பது, ஸ்பீக்கர் முப்பது. வால்யூமைக் கம்மியா வெச்சி வாசிச்சா ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றான்.

இதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன்.

என் அப்பா புதுச்சேரியில் மில் தொழிலாளி. அதனால் பள்ளிப் படிப்பு முழுக்க எனக்குப் புதுச்சேரியில்தான், அதுவும் பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு நாலு வயது. கொடி மாறியது, ஆனால் என் வகுப்பறையில் பாஷை மாறவில்லை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். சைகோனிலிருந்து வரும்போது ஒரு கிடார் கொண்டுவந்திருந்தார். எனக்கு முதல் மூன்று கார்டுகளைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

பிசிக்ஸ் வாத்தியார் ஓம் விதியைப் பிரெஞ்சில் நடத்தினார். ஒலிபெருக்கிக்குப் பிரெஞ்சில் 'ஓ-பார்லேர்' என்று பெயர். உரக்கப் பேசுபவன் என்று பொருள். "உரக்கப் பேசுபவனுக்கு இரண்டு குணம் உண்டு. எவ்வளவு தாங்குவான் என்பது வாட். எவ்வளவு தடுப்பான் என்பது ஓம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்" என்பார். பரீட்சையில் இருபதுக்குப் பதினேழு வாங்கினேன். ஆனால் விஷயம் மண்டைக்குள் போகவில்லை.

சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, திண்டிவனத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பகலில் கோப்பு, சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழு. அப்போது ஊருக்கு ஊர் இப்படிக் குழுக்கள் முளைத்திருந்தன. எங்கள் குழுவில் தபேலா, பாங்கோஸ், அக்கார்டியன், இரண்டு பாடகர்கள், கிடாருக்கு நான். சொந்தமாக ஒரு மைக் கூடக் கிடையாது. எல்லாம் வாடகை. வாடகைக்கு விட்டவரை ஊரே 'மைக்செட் அண்ணன்' என்று கூப்பிட்டது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றும் திருவிழா, எதுவாக இருந்தாலும் அவருடைய குழாய்தான் மரத்தில் கட்டியிருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஓம் விதியின் பெயர் அவருக்குத் தெரியாது, ஆனால் அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. மீறியது இருபதுக்குப் பதினேழு வாங்கிய நான்.

கிடாருக்கென்று அவரிடம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. மெட்ராஸில் ஒருவர் கையால் கட்டிக்கொடுத்தது, 30 வாட்ஸ். அதற்கு ஒரு பெட்டி. உள்ளே 15 வாட்ஸ் ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 8 ஓம். இரண்டையும் பேரலலாக இணைத்தால் 4 ஓம், 30 வாட்ஸ். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 4, 8, 16 என்று ஒரு திருகு இருக்கும். அண்ணன் அதை 4-ல் வைத்து, யாரும் தொடாதபடி மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

1976 ஆடி மாதம், மயிலம் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் திருவிழா. மாட்டு வண்டியில் பெட்டி குலுங்கி வந்ததில் ஒரு ஸ்பீக்கரின் வயர் உள்ளே அறுந்துவிட்டது. வாசித்துப் பார்த்தேன். ஒன்று பேசுகிறது, இன்னொன்று ஊமை. அண்ணன் அப்போது ஊர்க்கோடியில் தென்னை மரத்தின் மேல் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். கூட இருந்த பையன், "அண்ணன் வரட்டும் சார்" என்றான். "வால்யூமைக் கம்மியா வெச்சி வாசிச்சா ஒண்ணும் ஆவாது" என்றேன்.

முதல் இரண்டு பாட்டுக்கு அப்படித்தான் வாசித்தேன். மூன்றாவது பாட்டு குத்துப்பாட்டு. சாமி ஆடுபவர்களுக்காகப் பம்பைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் கிடார் எனக்கே கேட்கவில்லை. வால்யூம் திருகு 4-ல் இருந்தது. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் 7-க்கும், பிறகு 10-க்கும் திருப்பினேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வால்யூம் திருகு என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி இல்லை. பாதி திறந்தால் பாதிப் பவர் என்று கணக்குப் போடக் கூடாது. பல கிடார் ஆம்ப்ளிஃபயர்களில் 3, 4 வருவதற்குள்ளேயே சுத்தமான சத்தம் எல்லாம் வந்து முடிந்துவிடும். அதற்கு மேல் திருகினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, சத்தம் கரகரப்பாகக் கூடும். அப்படி வெட்டுப்பட்ட நிலையில் 30 வாட்ஸ் என்று எழுதிய ஆம்ப்ளிஃபயர் 30-ஐத் தாண்டியும் தள்ளும். கிடார்காரர்களுக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கும். ஸ்பீக்கரின் காயிலுக்கு அது நெருப்பு.

பல்லவி முடிவதற்குள் சத்தம் தேய்ந்தது. முடி கருகினாற்போல ஒரு வாசனை. ஸ்பீக்கர் நின்றுபோனது. அப்போதாவது ஆம்ப்ளிஃபயரை அணைத்திருக்க வேண்டும். வயர் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து, திருகை 10-லேயே வைத்துக்கொண்டு கம்பிகளை ஓங்கி ஓங்கி வாசித்துப் பார்த்தேன். உள்ளே 'சட்' என்று நீல நிறத்தில் ஒரு பொறி. கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

நடந்தது என்ன என்பதை அண்ணன்தான் மறுநாள் பிரித்துப் போட்டுக் காட்டினார். இரண்டு ஸ்பீக்கர் தாங்க வேண்டியதை ஒன்றே தாங்கியது. 15 வாட்ஸுக்குச் சுற்றிய மெல்லிய காயில் சூட்டில் அறுந்தது. காயில் அறுந்ததும் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமையே இல்லாமல் போயிற்று. வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சுமையில்லாமல் ஓட்டக் கூடாது. போக இடமில்லாத மின்சாரம் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே அழுத்தமாக ஏறி, இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ஒரு வயர் அறுந்ததைச் சரிசெய்ய ஈயம் வைத்தால் முடிந்திருக்கும். நான் ஸ்பீக்கரையும் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து எரித்தேன்.

அன்று இரவு அண்ணன் என்னைத் திட்டவில்லை. மேடைக்கு வந்தார், மோந்து பார்த்தார், என் கிடார் வயரைப் பிடுங்கி மைக் ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது ஓட்டையில் சொருகினார். மிச்சப் பாட்டெல்லாம் மரத்துக் குழாயில்தான் போயிற்று. குழாய்க்கு அடித்தொண்டை கிடையாது. கிடாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 தடவை அதிரும். குழாய் 300-க்குக் கீழே அநேகமாகப் பேசாது. மேல் ஸ்வரங்கள் மட்டும் தகர டப்பாவைத் தட்டினாற்போல வந்தன. ஆனால் வயலைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்டதாம்.

காயிலும் டிரான்ஸ்பார்மரும் திரும்பச் சுற்ற 250 ரூபாய். மாதம் 25 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். ஆடி மாதத்துச் சம்பாத்தியம் போனதற்கு அவர் கணக்கே சொல்லவில்லை. அந்தப் பத்து மாதமும் பணம் கொடுக்கப் போகும் சாக்கில் அவர் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான் என் உண்மையான பிசிக்ஸ் படிப்பு.

முதல் பாடம் ஓம். வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரின் ஓம் எதுவோ அந்த ஓட்டையில்தான் சொருக வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கரண்ட் அதிகமாக இழுத்து ஆம்ப்ளிஃபயர் போய்விடும். ஏறினால் ஆபத்தில்லை, சத்தம்தான் கொஞ்சம் குறையும்.

இரண்டாவது பாடம் வயர். தெருக்கோடி வரைக்கும் குழாய் கட்டுபவர்கள் ஏன் '100 வோல்ட் லைன்' போடுகிறார்கள் என்று அங்கேதான் புரிந்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 100 மீட்டர் இழுத்தால், போக வர 200 மீட்டர், சுமார் மூன்றரை ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை நேராக அதில் மாட்டினால் பவரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வயரே தின்றுவிடும். 100 வோல்ட்டில் அனுப்பி, குழாய்க்குப் பக்கத்தில் சின்ன லைன் டிரான்ஸ்பார்மர் போட்டு இறக்கினால் அந்த நஷ்டம் ஒன்றுமே இல்லை. மின்வாரியம் ஹைடென்ஷனில் கொண்டுவந்து ஊருக்குள் இறக்குவதும் இதே கணக்குத்தான். குழாய்களின் வாட்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

மூன்றாவது பாடத்தை அவர் கணக்காகச் சொல்லவில்லை, பழக்கமாகச் சொன்னார். "கேக்கலன்னா சவுண்ட ஏத்தாத தம்பி. குழாயக் கிட்ட கொண்டு போ." பின்னாளில் படித்து இதன் கணக்கைத் தெரிந்துகொண்டேன். வாட்ஸை இரட்டித்தால் சத்தம் இரட்டிப்பதில்லை. 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு அது 'கொஞ்சம் அதிகம்' என்று தோன்றுமே தவிர வேறில்லை. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட்ஸைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆனால் வெட்டவெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் வாட்ஸைத் தொடாமலே 6 டெசிபெல் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். ஒரே வாட்ஸுக்குக் கூடுதல் சத்தம் தரும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலும் அப்படித்தான். கிராமத்துக் குழாய் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 105 டெசிபெல் கத்தும். பேட்டரியில் ஓடிய மைக்செட் ஊரையே எழுப்பியதன் ரகசியம் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எண்பதுகளில் நான் அலுவலகத்தில் மனுக்கள் பார்க்கும் பிரிவில் இருந்தேன். மார்ச் மாதம் வந்தால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து மைக்செட் சத்தம் பற்றி மனு வரும். "மேற்படி ஒலிபெருக்கியின் ஒலி அளவைக் கட்டுப்படுத்த ஆவன செய்யுமாறு" என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன், திருகை 10-க்குத் திருப்பிய அதே கைக்காரன். 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த இரவுத் தடையை உறுதியாகச் சொல்லித் தீர்ப்பளித்தது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "நல்லதுதான் தம்பி, ஆனா எனக்கு லேட்டு" என்றார். அப்போதே அவருக்குப் பாதிக் காது போயிருந்தது.

அவர் தொழில் முறை அப்படி. ஒவ்வொரு குழாயையும் கட்டுவதற்கு முன்னால் அதன் வாயருகே நின்று "அலோ... மைக் டெஸ்ட்டிங்" கேட்பார். ஒரு நாளைக்குப் பத்துக் குழாய், முப்பத்தைந்து வருஷம். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது காது பாதுகாப்புக்கு வகுத்த ஒரு கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். 3 டெசிபெல் என்பது வாட்ஸ் இரட்டிப்பது என்று மேலே சொன்னேன். சேர்த்துப் பாருங்கள். வாட்ஸை ஒரு தடவை இரட்டித்தால் நமக்குக் கிடைப்பது 'கொஞ்சம் அதிக' சத்தம். காது கொடுப்பது பாதி நேரம். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. காயிலைத் திரும்பச் சுற்றலாம், இதைச் சுற்ற ஆள் கிடையாது.

மேல்நாட்டுக் கதையும் இதுதான். அறுபதுகளில் லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் கிடார் ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டு, 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரும், எட்டு ஸ்பீக்கர் வைத்த ஆளுயரப் பெட்டியும் வந்தன. தூக்க முடியவில்லை என்று அந்தப் பெட்டியை நான்கு நான்கு ஸ்பீக்கராக இரண்டாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். இன்று மேடைகளில் பார்க்கிறோமே, அந்த அடுக்கு அதுதான். அதே டவுன்ஷெண்ட் பின்னாளில் தன் காது மந்தமானதையும் ஓயாத இரைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

பேரனுடைய கேள்விக்கு நானே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் தாத்தா சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. அதனால் பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவரும் திண்டிவனம் போனோம்.

அண்ணனுக்கு எண்பத்து நான்கு வயது. இப்போது எதுவும் கேட்காது. காதில் மெஷின் வைத்துப் பார்த்து, இரைச்சல்தான் பெரிசாகுது என்று கழற்றிவிட்டார். பேரன் போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினான். 'ஆம்ப் 50. ஸ்பீக்கர் 30. 16 ஓம்.' அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பெட்டியின் முன் துணியைக் கழற்றச் சொன்னார். இரண்டு கட்டைவிரலையும் பேப்பர் கோனின் இரண்டு பக்கமும் வைத்து மெதுவாக அழுத்தி, விட்டார். மறுபடி அழுத்தினார். காயில் உள்ளே உரசுகிறதா என்று விரலாலேயே கேட்கிறார். எனக்குப் பக்கென்றது.

"ஸ்பீக்கர் நல்லா இருக்குது," என்றார், தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி. "இதுக்கு ஐம்பது ஆவாதுடா கண்ணு. நீ கம்மியா வெப்ப. உன் கூட்டாளி ஒருத்தன் ஒரு நாளு ஏத்துவான்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவரு ஏத்துனாரு."

பேரன், இதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கினால் இரண்டும் சேர்ந்து 8 ஓம், 60 வாட்ஸ் ஆகுமே என்று தட்டிக் காட்டினான். கணக்கு சரிதான். கிடாருக்கு ஸ்பீக்கர் எப்போதும் ஆம்ப்ளிஃபயரை விடத் தாராளமாக இருக்க வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. 60 என்பது ஐம்பதுக்கு நூலிழைதான், என்றாலும் சமாளிக்கலாம். அண்ணன் தலையை ஆட்டினார். "ஓடும். ஆனா எதுக்கு? பொட்டிய ஏத்தாத, ஆம்ப்ப எறக்கு. பதினஞ்சு வாங்கு. இந்த ஸ்பீக்கரு ரெட்டிப்பா தாங்கும்."

பேரன் முகம் சுருங்கியது. ஐம்பதிலிருந்து பதினைந்தா? திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போடச் சொன்னேன். போன் கால்குலேட்டரில் போட்டான். வித்தியாசம் 5 டெசிபெல். "இவ்ளோதானா?" என்றான். அடுத்த கணக்கும் கொடுத்தேன். ஒரு வாட்டுக்கு 100 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் 15 வாட்ஸை முழுக்கக் கொடுத்தால் ஒரு மீட்டரில் எவ்வளவு? 112 வந்தது. அந்தச் சத்தத்தில் காதுக்கு எவ்வளவு நேரம்? பாதி பாதியாக வகுத்துக்கொண்டே வந்தவன், ஒரு நிமிஷத்துக்குக் கீழே போனதும் நிறுத்தினான். கூட்டேரிப்பட்டு வரும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

என் இடது காதிலும் ஒரு 'ங்' என்ற சத்தம் பத்து வருஷமாக இருக்கிறது. பகலில் தெரியாது, படுத்தால் தெரியும். மேடையில் அந்தப் பக்கம்தான் எனக்குப் பெட்டி வைப்பார்கள். வீட்டில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று பஸ்ஸில் பேரனிடம் சொன்னேன்.

போன வாரம் 50 வாட்ஸைக் கொடுத்துவிட்டு, 15 வாட்ஸ் ஒன்றை மாற்றி வாங்கி வந்தான். 16 ஓம் ஓட்டையில் சொருகினான். ஸ்பீக்கர் வயரை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும் என்று அவனே எனக்குச் சொன்னான். இரண்டு ஜோடி காதடைப்பானும் வாங்கியிருந்தான். ஒன்று எனக்காம். மாலையில் முன் அறையில் வாசித்தான். திருகு 2-ஐத் தாண்டவில்லை. அடுக்களையிலிருந்து என் மனைவி, "சத்தத்தைக் கொறைடா" என்றாள்.